பந்தடிப் பயிற்சியும் ஓர் அமானத்தே!

(நம் ஜமாஅத்தின் ஆண்டு விழாவில், மாணவர்களுக்குப் பரிசளிக்கும் அமர்வில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

 

ஆண்டுதோறும் இம்மேடையில் நான் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று நம் பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டுமென்று கூறிவந்துள்ளேன். இவ்வாண்டு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். கால்பந்துப் பயிற்சியாளராவது எப்படி, அது ஒரு கல்வியா, அதைக் கொண்டு ஒருவன் ஹலாலாகப் பிழைக்க முடியுமா என்பதே அப்பொருள். "ஹஜ்ரத்துக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னரே, இப்பொருள் என்னை வந்தடைந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மனுவும் மறுப்பும்

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், நம் ஜமாஅத்தின் கல்வி உதவி நிதிக்கு ஒரு மனு அளித்தார். அவர் பெயரை நான் இங்கே கூறப்போவதில்லை. பட்டப்படிப்பை முடித்தவர். கால்பந்துப் பயிற்சியாளருக்கான முதற்கட்ட லைசென்ஸ் வகுப்பில் சேரக் கட்டணமும் பயணச் செலவும் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. நிர்வாகக் குழுவில் அம்மனு வாசிக்கப்பட்டபோது சிலர் புன்னகைத்தனர். "கல்விக்காக மக்கள் கொடுத்த பணத்தை விளையாட்டுக்குக் கொடுப்பதா?" என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வியாகவே எனக்கும் தோன்றியது. மனு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பின் அந்த இளைஞரின் தந்தை என்னிடம் வந்தார். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "ஹஜ்ரத், பந்தை உதைத்தால் வீட்டில் உலை கொதிக்குமா? துபாய்க்கு ஒரு விசா தயாராக இருக்கிறது. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவருடைய கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகளுக்கு முன் மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. அன்று மாலையே அந்த இளைஞரை அழைத்து, தந்தையின் சொல்லைத் தட்டலாகாது என்று அறிவுரை கூறினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். இறுதியில், "ஹஜ்ரத், நீங்கள் சொல்வதை மீறமாட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள் அஸருக்குப் பின் மைதானத்திற்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நான் அவர் செய்யும் பணியை ஒரு முறையும் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இதை இச்சபையில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. விசாரிக்காமல் தீர்ப்பளிப்பது காஜிக்கும் அழகல்ல, இமாமுக்கும் அழகல்ல.

மைதானத்தில் கண்டது

உப்பளச் சாலைப் பக்கம் உள்ள பொட்டலில் ஏறத்தாழ இருபது சிறுவர்கள் இருந்தனர். பந்துகள் மூன்றே. தண்ணீர்ப் போத்தல்களை நட்டு எல்லை வகுத்திருந்தார். செருப்புகளே கோல் கம்பங்கள். நான் எதிர்பார்த்தது, எல்லோரும் ஒரே பந்தின் பின்னால் கூச்சலிட்டு ஓடுவதைத்தான். நான் கண்டது வேறு. நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வேலை கொடுத்திருந்தார். பந்து கிடைக்காத குழுக்கள் ஓட்டப் பயிற்சி செய்தன. சில நிமிடங்களுக்கொருமுறை மாற்றிவிட்டார். வலக்காலால் நன்றாக அடிக்கும் சிறுவனை இடக்காலால் மட்டுமே அடிக்கச் சொன்னார். தவறு செய்தவனைத் திட்டாமல், "உன் தோழன் எங்கே நின்றான்? நீ அவனைப் பார்த்தாயா?" என்று கேட்டார். அச்சிறுவன் தானே தன் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னான்.

எல்லோரினும் சிறியவனாக ஒரு பிள்ளை இருந்தான். எந்தக் குழுவும் விரும்பி அழைக்காத பிள்ளை. அவனைத் தனியே அழைத்து, பந்தைக் காலுக்குள் நிறுத்துவது என்ற ஒரே ஒரு செயலை மட்டும் மீண்டும் மீண்டும் செய்ய வைத்தார். பிறகு அதை மட்டும் தேவைப்படும் ஓரிடத்தில் ஆட்டத்தினுள் நிறுத்தினார். அந்தப் பிள்ளை பந்தை நிறுத்தினான், தோழர்கள் கைதட்டினர். அவன் முகத்தில் தோன்றிய ஒளியை நான் மத்ரஸாவில் கண்டிருக்கிறேன். பல நாட்களாகத் திணறிய ஓர் எழுத்தை, அதன் மக்ரஜிலிருந்து முதன்முறையாகச் சரியாக உச்சரிக்கும் பிள்ளையின் முகத்தில் அதே ஒளி தோன்றும்.

மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளைகளை உளூச் செய்ய அனுப்பினார். பிறகு தம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், இன்று கற்றது, நாளை கற்பிக்க வேண்டியது, யாருக்கு முழங்கால் வலி, யார் மூன்று நாட்களாக வரவில்லை என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஹிஃப்ளு மத்ரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாது வைத்திருந்த நோட்டும் இப்படித்தான் இருக்கும். யாருக்கு எந்த சபக், யாருக்குப் பழைய பாடத்தில் தடுமாற்றம் என்று அதில் குறித்திருப்பார்கள். அந்த நோட்டைக் கண்டதும் என் மனம் மாறியது. இது பொழுதுபோக்கு அன்று, இது கற்பித்தல். கற்பித்தல் என்றால் அதற்கு முதலில் கற்றல் வேண்டும்.

நபிவழியில் ஒரு சான்று

கண்ணியத்திற்குரியவர்களே! மார்க்கக் கடமைகளை மறக்கச் செய்யாத, சூதும் ஆபாசமும் கலவாத, உடலை வலுப்படுத்தும் விளையாட்டை நம் மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஓட்டப்பந்தயம் இருந்தது, அம்பெய்தல் இருந்தது, குதிரைப் பந்தயமும் இருந்தது. ஸஹீஹுல் புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஒரு செய்தியின் கருத்தை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் பந்தயம் நடத்தியபோது, பயிற்சியளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவை வைத்தார்கள். அவ்வாறு பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுந்தொலைவை வைத்தார்கள். முந்தையது ஐந்தாறு மைல், பிந்தையது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்கியுள்ளார்.

வாயில்லாப் பிராணிக்கும் அதன் பயிற்சிக்கு ஏற்பவே சுமையை வைத்தார்கள் அண்ணலார். இன்று உலகெங்கும் பயிற்சியாளர் வகுப்பில் கற்பிக்கும் முதற்பாடங்களில் ஒன்றும் இதுவே. பத்து வயதுப் பிள்ளையைப் பதினெட்டு வயது இளைஞனைப் போல ஓட வைத்தால் அவன் எலும்பும் தசைநாரும் பழுதுபடும். எந்த வயதுக்கு எவ்வளவு பயிற்சி, எவ்வளவு ஓய்வு, எவ்வளவு தண்ணீர் என்பதை அறியாதவர் கையில் பிள்ளையை ஒப்படைப்பது, ஓதத் தெரியாதவரிடம் குர்ஆன் ஓத அனுப்புவதற்கு ஒப்பாகும். நம் தூத்துக்குடி வெயிலில் இது இன்னும் முக்கியமானது.

ஒரு பள்ளி ஆசிரியர் நாட்டை உயர்த்திய வரலாறு

"வெளிநாட்டில் வேண்டுமானால் இது தொழிலாக இருக்கலாம், நம் நாட்டில் யார் இருக்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஹைதராபாத்தின் சையத் அப்துர் ரஹீம் அவர்களின் வரலாற்றைக் கூறுகிறேன். 1909-இல் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். உடற்கல்வியிலும் டிப்ளமோ பெற்றார். உலகம் போற்றும் ஆட்டக்காரராக அவர் இருந்ததில்லை. ஆனால் கற்பிக்கத் தெரிந்தவர். அதனால் அனைவரும் அவரை ரஹீம் சாஹிப் என்றே மரியாதையுடன் அழைத்தனர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆடும் போட்டிகளையும், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடாமல் உடனுக்குடன் தோழனுக்குக் கொடுத்து ஆடும் போட்டிகளையும் இளைஞர்களுக்காக நடத்தினார். நம் பொட்டலில் நான் கண்ட இடக்கால் பயிற்சியின் வேர் எங்கே இருக்கிறது பாருங்கள்!

1951-இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவருடைய பயிற்சியில் இந்தியா தங்கம் வென்றது. மறு ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் படுதோல்வி! நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. வேறொருவராயின் விதியை நொந்து ஒதுங்கியிருப்பார். ரஹீம் சாஹிப் மாணவராக மாறினார். இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 1953-இல் வீழ்த்திய ஹங்கேரி அணியின் ஆட்டமுறையை ஆராய்ந்து, அதனை நம் வீரர்களுக்கு ஏற்பப் பழக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குச் சென்று, நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த இடம் அதுவே.

1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. ரஹீம் சாஹிபைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. அடுத்து வந்த ஆட்டத்தில் பின்களத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. அவரால் தம் வழக்கமான இடத்தில் தலையால் பந்தை முட்டி ஆடுவது கடினம் என்றறிந்த ரஹீம் சாஹிப், அவரை முன்களத்துக்கு மாற்றினார். அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அப்போட்டியில் சில நாடுகள் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்ததால், கூட்டம் நம் அணிக்கு எதிராகவே முழங்கியது. இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது; மற்றொன்று, தலையில் காயத்துடன் முன்களத்தில் நின்ற ஜர்னைல் சிங் அடித்தது! வங்காளத்து இந்துவும், பஞ்சாபின் சீக்கியரும், பீட்டர் தங்கராஜ் என்ற கிறித்தவக் கோல்காப்பாளரும் ஒரு முஸ்லிம் ஆசிரியரின் சொல்லைக் கேட்டு ஒரே உடலாக நின்ற காட்சி அது. அடுத்த ஆண்டு, 1963 ஜூன் மாதம், ரஹீம் சாஹிப் இவ்வுலகைப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் இன்றுவரை ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் வெல்லவில்லை. ஓர் ஆசிரியர் மறைந்தால் எவ்வளவு பெரிய வெற்றிடம் உண்டாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் நல்ல ஆசிரியரின் கல்வி அவரோடு கபுருக்குள் போவதில்லை. அவருடைய மாணவரான சையத் நயீமுத்தீன், 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர். அவரே பின்னர் பயிற்சியாளராகி, 1990-இல் துரோணாச்சார்யா விருது பெற்றார்; கால்பந்துத் துறையில் அவ்விருதை முதலில் பெற்றவர் அவர்தாம். மத்ரஸாவில் இதற்கு ஸனது என்போம்.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. குவைத்தில் பிறந்து இந்தியாவுக்காக ஆடிய காலித் ஜமீல், காயங்களால் ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 2016-17 பருவத்தில், மிசோரமின் ஐஸ்வால் என்ற எளிய அணியை ஐ-லீக் சாம்பியனாக்கினார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவர் நியமிக்கப்பட்டபோது, 13 ஆண்டுகளுக்குப் பின் அப்பொறுப்பு ஓர் இந்தியரிடம் வந்தது. நம் தமிழகத்திலோ, 1997-98 தேசிய லீக்கில் மிக அதிகமான கோல்கள் அடித்த ராமன் விஜயன், பின்னர் பயிற்சியாளராகிச் சிறுவர்களுக்கான கால்பந்து அகாடமியைத் தொடங்கினார். இத்தாலியில் தந்தையாரின் காலணித் தொழிலில் விற்பனையாளராக இருந்த அரிகோ சாக்கி என்பவர், பெரிய ஆட்டக்காரராக இல்லாமலே, மிலான் அணிக்கு 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். சிறந்து ஆடுவது ஒரு கலை; ஆடக் கற்பிப்பது வேறொரு கலை.

படிகள் என்னென்ன?

பெற்றோர்களே, இனி நான் கூறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒழுங்கான படிகள் உண்டு.

முதலாவது, லைசென்ஸ் படி. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் நடத்தும் தொடக்க வகுப்புகளில் முக்கியமானது டி லைசென்ஸ். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். சில நாட்கள் நடக்கும் வகுப்பு. செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்கு மேல் ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்ற படிகள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக, இடையில் களத்தில் பயிற்றுவித்த அனுபவம் வேண்டும். எனவே புரோ வரை செல்லப் பல ஆண்டுகள் ஆகும். நம் மத்ரஸாக்களில் இஜாஸத் பெறாதவர் பிறருக்குப் பாடம் நடத்த முன்வருவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும். வகுப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு என்பதை மாவட்ட, மாநில கால்பந்து சங்கங்களிடம் நேரில் கேட்டறிய வேண்டும். தரகர் எவரையும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பட்டயப் படி. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம், விளையாட்டுப் பயிற்சியில் ஓராண்டு டிப்ளமோ வழங்குகிறது. என்.ஐ.எஸ். படிப்பு என்று அனைவரும் சொல்வது இதைத்தான். அரசுப் பயிற்சியாளர் பணிகளுக்கு இப்படிப்பு பெரிதும் மதிக்கப்படுகிறது.

மூன்றாவது, உடற்கல்விப் பட்டம். பட்டம் பெற்றபின் இரண்டாண்டு பி.பி.எட். படித்தால் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகலாம். இதற்காக நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. சென்னை நந்தனத்தில் 1920-இல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன.

இம்மூன்றில் எதை முதலில் பற்றுவது? நான் பலரிடம் கேட்டறிந்தவரை, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு உடற்கல்விப் பட்டமே அடித்தளம். லைசென்ஸ் அதன்மேல் எழுப்பும் மாடி. லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு உடனே வீட்டை நடத்திவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கத்தில் வருமானம் குறைவு. மாலையில் தனியார் டர்ஃப் மைதானங்களிலும் அகாடமிகளிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் பலர். உடல் அசதியும் உண்டு. அணி தோற்றால் முதலில் பழிக்கப்படுபவரும் பயிற்சியாளரே. இவற்றை மறைத்து ஆசை காட்டுவது மோசடியாகும்.

அதே வேளையில், கதவுகள் பலவும் திறந்திருக்கின்றன. பள்ளிகள், கல்லூரிகள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மைதானங்களும் விளையாட்டு விடுதிகளும், தனியார் அகாடமிகள் ஆகிய எல்லா இடங்களிலும் பயிற்சியாளர் தேவை. கோல்காப்பாளர் பயிற்சி, உடற்தகுதிப் பயிற்சி, ஆட்டத்தை வீடியோவில் ஆராய்தல், நடுவர் பணி என்று இதன் கிளைகளும் பல. ஆசியக் கூட்டமைப்பின் லைசென்ஸ் வளைகுடா நாடுகளிலும் மதிக்கப்படுவது. ஆகவே அந்தத் தந்தையிடம் நான் பின்னர் சொன்னேன்: "உங்கள் மகன் துபாய்க்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு கல்வியோடு போகட்டும் என்கிறேன்." அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அச்சம் நியாயமானது. வறுமையைக் கண்டவர் அதை மீண்டும் வீட்டுக்குள் அழைக்க விரும்பமாட்டார். "இரண்டு ஆண்டு பார்க்கிறேன் ஹஜ்ரத்" என்றார். அதுவே பெரிது.

கயிற்றைப் பிடிப்பவர்

அன்பர்களே! நம் கடற்கரை முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது. அத்தொழில் நின்று பல்லாண்டுகள் ஆயினும் அதன் கதைகள் நம் வீடுகளில் இன்னும் வாழ்கின்றன. கல்லைக் காலில் பற்றிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினால் ஓர் உயிர் போய்விடும். ஊரார் வாயில் முத்தெடுத்தவர் பெயரே இருக்கும். கயிற்றைப் பிடித்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும் நம்பகமானவர் கயிற்றைப் பிடித்தாலன்றி எவரும் கடலில் இறங்கமாட்டார்.

பயிற்சியாளர் அந்தக் கயிற்றைப் பிடிப்பவர். ஆகவே இப்பணிக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் தரப்படுவது பிறர் பெற்ற பிள்ளைகள். அவர்களை அடிக்கவும், இழிவாகப் பேசவும் உங்களுக்கு உரிமை இல்லை. காயம்பட்டவனை வெற்றிக்காக மீண்டும் களத்தில் இறக்குவது துரோகம். வயதைக் குறைத்துக் காட்டும் பொய்ச் சான்றிதழுக்குத் துணை போவது ஹராம். அதில் வென்ற கோப்பையில் பரக்கத் இராது. பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை எவரிடம் அனுப்புகிறோம் என்று விசாரியுங்கள்; சில நாட்களுக்கொருமுறை மைதானத்துக்குப் போய் நின்று பாருங்கள். சிறார்களைப் பாதுகாக்க 2012-இல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. தவறு நடந்தால் ஊர்ப் பெயருக்கு அஞ்சி மூடி மறைக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி தேவை. அவர்களுக்குக் கற்பிக்கப் பெண் பயிற்சியாளர்கள் வேண்டும் என்பதால், நம் பெண்மக்களில் சிலரும் இக்கல்வியைக் கற்பது பயனுடையதே.

நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தைப் பாருங்கள். அங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம், மௌலானா அபுல் கலாம் ஆஸாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை நடத்திப் புகழ் பெற்றிருக்கிறது. கால்பந்தும் தொழுகையும் ஒரே ஊரில் ஒன்றுக்கொன்று இடையூறில்லாமல் வாழ முடியும் என்பதற்கு அவ்வூர் சான்று. கால்பந்தைப் பார்க்கக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த நம் கடற்கரைச் சமுதாயம், அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்களையும் உருவாக்க வேண்டாமா?

நான் வேண்டுவது

நிர்வாகப் பெருமக்களே! ஜகாத் பணத்தை யாருக்குக் கொடுக்க வேண்டுமென்று அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். அதைத் தொடுமாறு நான் கேட்கவில்லை. மக்கள் பொதுவாகக் கல்விக்கென்று அளிக்கும் நன்கொடையிலிருந்து, இத்தகைய படிப்புகளுக்கும் உதவலாம் என்று பொதுக்குழு தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உதவி பெறுபவர் இரண்டு ஆண்டுகள் நம் மஹல்லாப் பிள்ளைகளுக்கு ஊதியமின்றி வாரம் இரு நாட்கள் கற்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். தொழுகை நேரத்தில் பயிற்சி நடக்கலாகாது என்றும் நிபந்தனை வைக்கலாம். அந்த இளைஞர் இவ்விரண்டையும் எழுதிக் கொடுக்க இசைந்திருக்கிறார். மனு இன்னும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. முடிவு உங்களுடையது.

ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். எனக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரே ஒரு நாள், அஸருக்குப் பின், மைதானத்திற்குப் போய்ப் பாருங்கள். மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் தெருமுனையிலும் செல்போனிலும் போதைப் பொருள் விற்பவரின் பார்வையிலும் இருப்பதைவிட, தம் பெயரை நோட்டில் எழுதி வைத்து, வராத நாளில் வீடு தேடி வந்து விசாரிக்கும் ஒருவருடைய பார்வையில் இருப்பது நலமல்லவா?

இன்று மேடையேறிப் பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளைகளுக்கு அதைவிட அதிகமான துஆ. அன்று பந்தை நிறுத்தக் கற்ற அந்தச் சிறிய பிள்ளை இன்றும் இச்சபையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவனைப் போன்றவர்களின் கயிற்றைப் பிடிக்க நம்பகமான கைகளை இந்த ஜமாஅத் உருவாக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், நற்குணமுள்ள ஆசிரியர்களையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.